மஞ்சள் பெட்டையும் கலாவின் பரிகாரமும்

அக்கா,

முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோதும் படியேறி வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்பாய். என் பெரிய பேரன் பாலாஜி தரமணியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கழுத்தில் அட்டை தொங்கக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். பேத்தி திவ்யா பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். அவளுடைய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கை அது. சின்னவன் கேரம் போட்டியில் கோப்பை வாங்கிவிட்டு, அதை யாரும் துடைக்கக்கூடாது என்கிறான். உன் மகள் கலா அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதற்கும் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். வேளச்சேரியில் சொந்தமாக வீடும் வாங்கிவிட்டாள். பால் காய்ச்சும்போது என்னைத்தான் அடுப்பு பற்றவைக்கச் சொன்னாள். வேறு யாரிடமாவது இப்படி வரிசையாகச் சொன்னால் கண் படும். உன்னிடம் சொன்னால் படாது.

பறவைக் கூண்டிலும் நல்ல சேதிதான். முட்டையிடக் கட்டிவைத்த பானைக்குள் நான்கு குஞ்சுகள். மூத்தது நேற்றிலிருந்து ஓட்டை வழியே தலையை நீட்டி எங்களை விசாரிக்கிறது.

இன்று காலை தினைக் கிண்ணத்தை எடுத்து ஊதினேன். உமி பறந்து மூக்கில் ஏறியது. காய்ந்த உமியும் இறகின் மாவும் கலந்த அந்த வாசனை வந்ததுமே நீ என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாய் என்று தோன்றிவிட்டது. பறவை வந்த புதிதில் நீ கேட்டாயே, "கிண்ணம் ரொம்பி கீதே, இன்னாத்துக்குமே ஊதற?" என்று. இந்த லவ் பேர்ட்ஸ் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும், மேலே பார்த்தால் நிறைந்திருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது, ஊதிப் பார்க்காவிட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று சொன்னேன். அன்றைக்குப் பிறகு என்னைவிட நீதான் அதிகம் ஊதினாய்.

பாலாஜி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவன் அப்பன் வாங்கி வந்த ஜோடி அது. பச்சை ஆண், மஞ்சள் பெட்டை. மூக்குக்கு மேலே நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெட்டை என்று கடைக்காரர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். "பரவால்லமே, நம்மள மாதிரி மூக்குத்தி போட்டுக் காட்டற வேல இல்ல" என்று சிரித்தாய். மந்தைவெளியில் நம்முடைய ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படி முழுக்க உன் சிரிப்பு கேட்கும். நீ இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. உன் சாவி என்னிடம், என் சாவி உன்னிடம்.

பெட்டை பானைக்குள் போய் உட்கார ஆரம்பித்ததும் நீ அதைப் பிள்ளைத்தாய்ச்சியைப்போலப் பார்த்துக்கொண்டாய். முட்டை ஓடு கெட்டியாக அமைய வேண்டும் என்று நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கி வந்து கம்பியில் செருகினாய். அடையாறில் நீ சமைக்கும் வீட்டுத் தோட்டத்திலிருந்து முருங்கைக் கீரை ஒடித்து முந்தானையில் முடிந்து வருவாய். முதல் ஈட்டு முட்டைகள் கூமுட்டையாகப் போயின. அடுத்த ஈடு பொரிந்தது. தோல் உரித்த வேர்க்கடலைபோல நான்கு குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. பெட்டை பானையைவிட்டு அசையாது. பச்சை வெளியே தின்று வந்து அதற்கு ஊட்டும், அது குஞ்சுகளுக்கு ஊட்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலாவுக்கு மூன்றாவது வரன் வந்தது.

முதல் இரண்டும் பூ வைக்கும் நாள் வரை வந்து நின்றுபோனவை. ஒரு வீட்டார் ஜாதகம் என்றார்கள். இன்னொரு வீட்டார் காரணமே சொல்லவில்லை. நீ தூங்குவதை நிறுத்திவிட்டாய். சமைக்கும் வீட்டில் ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாய், ஆனால் அந்தச் சிரிப்பில் சத்தம் இல்லை. மூன்றாவது, ஆதம்பாக்கத்துப் பையன். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். நீ யாரோ சொன்னார்கள் என்று மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் போய்விட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்கு வந்தாய்.

"கூண்டுல அடஞ்ச ஜோடி ஒண்ணத் தொறந்து வுடணுமாம்மே. கடையில புச்சா வாங்கினது ஆவாதாம். ஒரு வூட்ல குஞ்சு பொரிச்சு வாழ்ந்த ஜோடியா இருக்கணுமாம். எங்கையால தொறந்து வுட்டா இவளுக்கும் வழி தொறக்குமாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாததுபோல், "யார் வூட்ல கீது அப்படி?" என்று கேட்டேன்.

நீ கூண்டைப் பார்த்தாய்.

"யக்கா, குஞ்சுங்க இன்னும் கண்ணு முழிக்கல."

"தெரியும்மே."

"வெளிய போனா இதுங்களும் பொழைக்காது. பொறந்ததே கூண்டுல. தினைய எங்க போய்த் தேடும்? காக்கா வுடுமா?"

"ஆண்டவன் பாத்துப்பாரு."

"ஒரு மாசம் பொறுக்கா. குஞ்சுங்க தானா திங்க ஆரம்பிக்கட்டும். அப்பால யோசிக்கலாம்."

"வெள்ளிக்கெழம வராங்க. ஒரு மாசம் வாசல்லயே நில்லுங்கன்னு சொல்லட்டா?"

நான் தையல் மிஷினில் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். மிதிப்பதை நிறுத்தாமல் மிதித்தேன். நீ எழுந்தாய்.

"ஒனக்கு மருமவ வந்துட்டா, பேரன் வந்துட்டான். ஒனக்கு இன்னா. எம்பொண்ண வுட ரெண்டு குருவி பெருசா பூட்ச்சி."

கதவைச் சாத்திவிட்டுப் போனாய். அந்த வீட்டில் நான் இருந்த அத்தனை வருஷத்தில் நீ கதவைச் சாத்தியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு படியில் எதிரே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் வீட்டுக் குழம்புக் கிண்ணம் என் வீட்டுக்கு வரவில்லை. ராத்திரி படுத்தால் நான் செய்தது சரியா என்று மனது அடித்துக்கொள்ளும். கலா என் கையில் வளர்ந்தவள். அவளுக்கு ஒரு வாழ்க்கை அமையாமல் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? விடிந்ததும் பானைக்குள் எட்டிப் பார்ப்பேன். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து மூச்சு விடும். சரி, கொடுக்க முடியாது என்று திரும்பவும் தோன்றும்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், அடித்து முடித்த புடவைகளை தி.நகர் கடையில் கொடுக்கக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் ஒரு புடவைக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தேன். வழக்கமாக என் சாவிச் சத்தம் கேட்டதும் பச்சை கத்தித் தீர்க்கும். அன்று சத்தமே இல்லை. கூண்டின் கதவு மேலே தூக்கி நூலால் கட்டியிருந்தது. பானைக்குள் கையை விட்டேன். குஞ்சுகள் சூடாகத்தான் இருந்தன. மேலே தாய் இல்லை.

என் சாவி உன்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் மாடிப்படி ஏறினேனா, பறந்தேனா, எனக்கே தெரியாது. மொட்டை மாடியில் நீ கிழக்கே பார்த்து நின்றாய். கைப்பிடிச் சுவர்மேல் உன் ஒயர் கூடை, வாயைத் துண்டால் மூடி. கண்ணை மூடிக்கொண்டு கலாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். கூடையின் மூலையில் பச்சை ஒடுங்கிக் கிடந்தது. மஞ்சள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நம் பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவே போன கேபிள் ஒயரில் அது உட்கார்ந்திருந்தது. வெயிலில் எலுமிச்சம்பழம் மாதிரித் தனியாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு காக்கைகள். நான் பார்க்கும்போதே மூன்றாவது வந்து இறங்கியது.

"இன்னா காரியம் யக்கா பண்ணிட்ட!"

"கத்தாத. இன்னொண்ணும் போவட்டும். முடிஞ்சிரும்."

நான் கூடையின் ஒரு காதைப் பிடித்தேன். நீ இன்னொரு காதைப் பிடித்தாய். இரண்டு பேரும் இழுத்தோம்.  அதற்குள் ஒரு காக்கை அம்பு மாதிரி இறங்கியது. மஞ்சள் ஒயரிலிருந்து சறுக்கி, சுவரில் மோதி, டிஷ் ஆன்டெனாமேல் போய் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்த சிறகு, வேறு எதற்கும் பழகவில்லை.

"பாருக்கா. நல்லா பாரு. பறக்குதா அது?"

நீ பார்த்தாய். முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தாய் என்று நினைக்கிறேன்.

கூண்டையும் பானையையும் மேலே கொண்டு வந்தால் குஞ்சுகளின் சத்தத்துக்கு அது இறங்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் கீழே போய்வரும்வரை பச்சை உன் கையில். நீ துணியை விலக்கினால் போதும், ஜோசியர் சொன்னது நிறைவேறிவிடும். கூடையை உன்னிடம் விட்டுவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஓடினேன். சொல்ல என்ன இருந்தது? உன் மகள் உனக்கு, என் பறவை எனக்கு.

கூண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படியேறும்போது மேலே உன் குரல் கேட்டது. "போ சனியனே! கிட்ட வந்த, றெக்கைய ஒடிச்சிருவேன்!" கடைசிப் படியில் நின்று பார்த்தேன். புடவையை வரிந்து செருகிக்கொண்டு, துணி உலர்த்தும் கொடிக்கம்பைப் பிடுங்கிச் சுழற்றிக்கொண்டிருந்தாய். காக்கைகள் பத்துக்கு மேல் கூடிவிட்டன. ஒன்று உன் உச்சந்தலையில் அடித்துவிட்டுப் போயிருந்தது. கொண்டை அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. ஒயர் கூடை உன் இரண்டு காலுக்கும் நடுவில், துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.

தொட்டியின் நிழலில் கூண்டை வைத்தேன். பச்சையை உள்ளே விட்டேன். அது வாயே திறக்கவில்லை. தூக்கி வந்த அதிர்ச்சியில் குஞ்சுகளும் மூச்சு காட்டவில்லை. கதவைத் தூக்கி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாகப் பச்சையும் போய்விடலாம். காக்கை உள்ளேயும் வரலாம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பானையின் அடியை விரலால் லேசாகத் தட்டினேன். திரும்பவும் தட்டினேன்.

ஒரு குஞ்சு கீச்சிட்டது. பிறகு நான்கும். அதைக் கேட்டுப் பச்சை ஒரு குரல் கொடுத்தது.

மஞ்சள் தலையைச் சாய்த்தது. ஆன்டெனாவிலிருந்து விழுவதுபோல் இறங்கி, கூண்டின் கூரைமேல் உட்கார்ந்தது. கதவு எங்கே என்று தெரியவில்லை அதற்கு. கூரைமேலேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தது. பின்னால் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை தத்தித் தத்திக் கிட்டே வந்தது. கம்பை ஓங்கினால் மஞ்சளும் பறந்துவிடும்.

"அசையாதக்கா" என்றேன்.

நீ அசையவில்லை. கம்பை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அவிழ்ந்த முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காக்கைக்கும் கூண்டுக்கும் நடுவில் நின்றாய். உன் தலையிலிருந்து ஒரு கோடு ரத்தம் நெற்றிக்கு வந்தது. அதைத் துடைக்கவில்லை. குழந்தைக்குச் சோறூட்டும் குரலில் பேச ஆரம்பித்தாய்.

"உள்ள போம்மா. புள்ளைங்க பசியா கீது பாரு. போ கண்ணு. கீழ எறங்கு. அங்கதான் வாசல். போ."

வெளியே விட வந்தவள் நீதான், அக்கா. அது போய்விட்டால் உன் மகளுக்கு நல்லது என்று நம்பி நின்றவள் நீதான்.

மஞ்சள் கம்பியைப் பற்றித் தலைகீழாக இறங்கியது. கதவின் விளிம்பில் ஒரு கணம் நின்றது. உள்ளே போனது. பச்சையைக்கூடப் பார்க்காமல் நேராகப் பானைக்குள் நுழைந்தது. நான் நூலை விட்டேன். கதவு விழுந்தது.

நீ சுடும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். கொண்டையை முடிந்துகொண்டே, "நான் தொறந்து வுட்டேன் இல்ல?" என்றாய். "வுட்டது நானு. வந்தது அது இஷ்டம். அவரு வுடணும்னுதான சொன்னாரு." அப்புறம் என் முகத்தையே பார்த்தாய். "போதும் இல்லமே அது?"

"போதும்க்கா."

"கலாகிட்ட சொல்லிடாத."

வெள்ளிக்கிழமை ஆதம்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். கேசரி தின்றார்கள், பஜ்ஜி தின்றார்கள். தலையில் உனக்குக் கட்டு இருந்தது. நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று எல்லோருக்கும் சொன்னாய். "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். மறுவாரம் தரகர் வந்து உதட்டைப் பிதுக்கினார். நீ என்ன சொல்வாயோ என்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நீ படியேறி வந்தாய், முந்தானையில் முருங்கைக் கீரையோடு. கிண்ணத்தை எடுத்து ஊதினாய். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. ஆனால் மஞ்சள் பெட்டை இருந்த காலம் வரை நீ அதை நேராகப் பார்த்ததே இல்லை. இது எனக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் வரன்கள் குறைந்தன. பிறகு கலாவே போதும் என்று சொல்லிவிட்டாள். நீயும் விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கலா மருந்து வாங்கக் கீழே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"அன்னிக்கி நான் காக்காவ வெரட்டாம இருந்திருந்தா, இவளுக்கு அமஞ்சிருக்குமோமே?"

இத்தனை வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாய்.  "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். நீ நம்பவில்லை. கலா வந்துவிட்டாள், நீ கையை எடுத்துக்கொண்டாய். அந்தக் கேள்வியோடேயே போய்விட்டாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து, கலா ஒரு நாள் என் வீட்டில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ சொல்லாதே என்று சொன்னதை நான் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஜோசியர், ஒயர் கூடை, கொடிக்கம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். 

"அத்த, அந்த ஆளு வேணாம்னு சொன்னதே நான்தான்."

"இன்னாடி சொல்ற?"

"அவங்கம்மா வந்து ஒக்காந்ததும், நைட் டூட்டிலாம் ஆவாது, வேலைய வுட்டுடணும்னாங்க. அவரு தலைய ஆட்டிக்கினு பஜ்ஜி தின்னாரு. அவங்க போனதும் நான் தரகர் வூட்டுக்கு ஓடினேன். அவங்களே வேணாம்னு சொன்ன மாதிரி சொல்லிடுன்னு அவரு கால்ல வுழாத கொறயா கெஞ்சினேன்."

"ஒங்கம்மாகிட்ட இன்னாத்துக்குடி மறைச்ச?"

"அடிச்சா வாங்கிக்குவேன் அத்த. அழுவாங்க. அதான்." கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காக்காவ வெரட்டினதாலன்னா நெனச்சிக்கினு இருந்தாங்க? இவ்ளோ வருஷமாவா?" என்று கேட்டாள்.  பச்சைப் பிள்ளைபோல் என் மடியில் படுத்து அழுதாள். தலைமை நர்ஸ், அக்கா. வார்டே பயப்படுமாம் அவளுக்கு.

இதைச் சொல்லத்தான் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கம்பைச் சுழற்றியதால் எதுவும் கெடவில்லை. அவள் விரும்பாத கதவை அவளே சாத்திக்கொண்டாள். நீ உனக்குச் சரி என்று பட்டதைச் செய்தாய், அவள் அவளுக்குச் சரி என்று பட்டதைச் செய்தாள். ஒருத்தி அழுவாள் என்று இன்னொருத்தி பேசாமல் இருந்ததுதான் மிச்சம்.

என்னிடம் மிஞ்சியிருப்பது உன் குரல். இப்போது கூண்டில் இருப்பது அந்த மஞ்சளின் பேத்திக்குப் பேத்தி. சுத்தம் செய்யும்போது அது பானையைவிட்டு வெளியே வந்து தடுமாறினால், எனக்குத் தெரியாமலே என் வாயில் வருகிறது, "உள்ள போம்மா, புள்ளைங்க பசியா கீது" என்று. திவ்யா சிரிக்கிறாள். யார் பேச்சு என்று அவளுக்குத் தெரியாது.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். கலாவின் படம் என்று என்னிடம் இருப்பது, தரகர் கையில் கொடுக்க நீ ஸ்டூடியோவில் எடுக்க வைத்தது. இரவல் நகை, பட்டுப் புடவை. எத்தனையோ வீட்டுக்குப் போய்த் திரும்பி ஓரமெல்லாம் மடங்கிவிட்டது. அதில் அவள் யாருக்கோ பிடிக்க வேண்டுமே என்ற பயத்தோடு நிற்கிறாள். எனக்கு அந்தக் கலா வேண்டாம். வெள்ளை உடுப்பில், வார்டு நடுவில் நிற்கிற கலா வேண்டும். கேட்டால், "போன்ல அனுப்பறேன் அத்த" என்கிறாள். போனில் வந்தால் பாலாஜி வீட்டுக்கு வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். நான் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்கிறாள். உன் பேச்சை மட்டும் தட்டமாட்டாள். கனவில் ஒரு தடவை போய்ச் சொல்லக்கா. யாருக்கும் காட்ட இல்லை, உன் சரசா, நான் கையில் வைத்துப் பார்க்கத்தான், புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடச் சொல்.